ஸ்கேன் எடுத்தது மகள், மருந்து முதலில் வேண்டியது அம்மாவுக்கு

சேலத்திலிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஆஸ்பத்திரி விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 54. உயரம் 148 செ.மீ., எடை 46 கிலோ. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகித் தொப்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 22 வருடம் இருந்துவிட்டு, பிறகு சேலம் டவுனுக்கு வந்தார். இப்போது வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்திருப்பாராம். 42 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். முழங்கால் வலி உண்டு, வயிற்றுப்புண் உண்டு, சர்க்கரை இல்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச எலும்புப் பரிசோதனை முகாமுக்குப் போயிருக்கிறார். குதிகாலை ஒரு சின்ன மெஷினில் வைத்துப் பார்த்து, ‘மைனஸ் 3.1, எலும்பு சல்லடை மாதிரி ஆகிவிட்டது’ என்று சொல்லி, 3,600 ரூபாய்க்குக் கால்சியம் பவுடர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பயந்துபோய் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்ஸா (எக்ஸ்ரே மூலம் எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன்) எடுத்தார். முதுகெலும்பு மொத்தம் மைனஸ் 1.2, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி மைனஸ் 2.6, இடுப்பு மொத்தம் மைனஸ் 2.1, ‘வார்ட்ஸ்’ என்ற ஒரு வரியில் மைனஸ் 3.4. முதல் பக்கத்தில் ‘ஆஸ்டியோபீனியா’ (அடர்த்தி ஓரளவு குறைவு), இரண்டாம் பக்கத்தில் ‘ஆஸ்டியோபொரோசிஸ்’ (எலும்புப்புரை) என்று அச்சாகியிருக்கிறது. எலும்பு டாக்டர் வருடத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைச் சொல்லியிருக்கிறார். ‘அந்த ஊசி போட்டால் தாடை அழுகிவிடும்’ என்று நாத்தனார் சொன்னதால், மூன்று மாதமாக ஃபைல் பீரோவுக்குள் இருக்கிறது.

அவருடைய கேள்விகள்: எந்த எண் உண்மை? எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போடலாமா? ஊசி போடலாமா? ஸ்கேன் எடுத்த உடம்போடு மாசமாக இருக்கும் மருமகளுக்குப் பக்கத்தில் படுத்தது தப்பா? ஏற்காட்டில் குடித்து வளர்ந்த காபிதான் எலும்பைக் கரைத்ததா?

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடம் இல்லாமல் நுணுக்கி எழுதிய நாலு வரி: ‘அம்மாவுக்கு 78 வயது. ஏற்காட்டில் தம்பி வீட்டில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் துவைக்கிற கல் பக்கம் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து பிளேட் வைத்தோம். இப்போது கூன் விழுந்து வாக்கர் பிடித்து நடக்கிறார், வீசிங்குக்குச் சின்ன மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அவருக்கு இனிமேல் ஸ்கேன் எல்லாம் வேண்டாம்தானே?’

அன்புச் சகோதரி,

முதலில் மருமகள் விஷயத்தை முடித்துவிடுகிறேன், அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டெக்ஸாவில் உடம்புக்குள் எந்த மருந்தும் செலுத்துவதில்லை. எக்ஸ்ரே கதிர் உடம்பைக் கடந்து போகிறது, மெஷினை நிறுத்தியதும் அதுவும் நின்றுவிடுகிறது. டார்ச் அடித்து அணைத்த பிறகு முகத்தில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்குமா? அப்படித்தான். அளவும் மிகக் குறைவு. பெரும்பாலான மெஷின்களில் 10 மைக்ரோ சீவர்ட்டுக்குள் அடங்கிவிடும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் ஒன்றிரண்டு நாளில் சும்மா இருந்தே வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சு அது. மருமகளே டெக்ஸா மேஜையில் படுப்பதாக இருந்தால்தான் பிரசவம் முடியட்டும் என்போம். நீங்கள் அவரோடு ஒரே பாயில் படுக்கலாம்.

‘தேய்மானம்’ என்ற சொல் செய்யும் குழப்பம்

கடிதத்தில் எட்டு இடத்தில் ‘எலும்புத் தேய்மானம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் வலியையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். இது உங்கள் தவறில்லை. டாக்டர்களாகிய நாங்களே இரண்டு நோய்க்கும் இந்த ஒரே சொல்லைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

முழங்காலில் தேய்வது மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு. அது வலிக்கும், உட்கார்ந்து எழுந்தால் சத்தம் போடும். டெக்ஸா அளப்பது எலும்புக்குள் இருக்கும் தாதுச் சத்தை. அது குறைவதை எலும்புப்புரை என்கிறோம். எலும்புப்புரை உடையும்வரை வலிக்காது. எத்தனை வருடம் இருந்தாலும் ஒரு சின்ன அறிகுறிகூடக் காட்டாது. ஆகவே கால்சியம் பவுடர் சாப்பிட்டும் முழங்கால் வலி குறையவில்லையே என்று நீங்கள் கேட்பதற்குப் பதில் இதுதான்: அந்த வலிக்கும் இந்த எண்களுக்கும் சம்பந்தமில்லை. முழங்காலுக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும், அதைத் தனியாகப் பார்க்கலாம்.

குதிகால் மெஷினும் டெக்ஸாவும்

முகாமில் பார்த்தது அல்ட்ராசவுண்ட். ஒலி அலை குதிகால் எலும்பைக் கடக்கும் வேகத்தையும், அது எவ்வளவு மங்குகிறது என்பதையும் வைத்து ஒரு எண் கொடுக்கும். கதிர்வீச்சு இல்லை, தூக்கிக்கொண்டு போகலாம், ஆகவே முகாம்களுக்கு வசதி. ‘இவரை மேற்கொண்டு பரிசோதிக்கலாமா’ என்று வடிகட்ட அது போதும். அந்த எண்ணும் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட எண்) என்றே அச்சாகும். ஆனால் டெக்ஸாவின் டி-ஸ்கோரோடு அதை வைத்துப் பார்க்கக் கூடாது. நோய் உண்டு, இல்லை என்று முடிவு செய்யவோ, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவோ அது உதவாது. 3.1 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அடுத்த முகாமில் போய் ‘ஏறியிருக்கிறதா’ என்றும் பார்க்காதீர்கள்.

டெக்ஸா இரண்டு வேறு வலிமையுள்ள எக்ஸ்ரே கதிர்களை அனுப்புகிறது. தசையும் கொழுப்பும் இரண்டையும் ஒரு விதமாக உறிஞ்சும், எலும்பு வேறு விதமாக. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எலும்பின் பங்கு மட்டும் மிஞ்சும். அதை ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை கிராம் என்று சொல்கிறது. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு வெளிறித் தெரிய வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சத்து போயிருக்க வேண்டும். டெக்ஸா அதற்கு வெகு முன்பே காட்டிவிடும்.

உங்கள் தொடைக் கழுத்தின் அடர்த்தி 0.546 என்று இருக்கிறது. மெஷினுக்குள் இருக்கும் ஒப்பீட்டுப் பட்டியலில் இளம் பெண்களின் சராசரி 0.858. ஆளுக்கு ஆள் இயல்பாக இருக்கும் வித்தியாசத்தின் அளவுகோல் 0.12. சராசரியிலிருந்து உங்கள் எண் எத்தனை ‘0.12’ கீழே இருக்கிறது என்று பார்த்தால் 2.6. மைனஸ் 2.6 வந்த வழி அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கோட்டின்படி மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 2.5க்கு வந்துவிட்டால் எலும்புப்புரை, இடையில் இருப்பது ஆஸ்டியோபீனியா. ‘எலும்பு 26 சதவீதம் போய்விட்டது’ என்று நீங்கள் போட்ட கணக்கு இதில் எங்கும் கிடையாது.

இன்னொன்று: அந்தப் பட்டியல் அமெரிக்கப் பெண்களிடம் எடுத்தது. டெக்ஸா எலும்பின் பரப்பைத்தான் பார்க்கிறது, ஆழத்தைப் பார்ப்பதில்லை. சிறுகூடான உடம்புக்கு எண் கொஞ்சம் குறைத்தே வரும். 148 செ.மீ. உயரமுள்ள உங்களுக்கும் அந்தச் சலுகையைக் கொஞ்சம் தரலாம். ஆனால் ‘அப்படியானால் எனக்கு ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் ரிப்போர்ட்டை நான் படிக்கும் விதம்

சராசரி போடும் பழக்கம் இதில் கிடையாது. முதுகெலும்பு மொத்தம், இடுப்பு மொத்தம், தொடைக் கழுத்து, இந்த மூன்றில் எது மிகக் குறைவோ அதை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு அது தொடைக் கழுத்து. முதல் பக்கத்தில் அச்சான ‘ஆஸ்டியோபீனியா’ முதுகுக்கு மட்டும் மெஷின் தானாகப் போட்ட முத்திரை. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொன்றும் தன் இடத்தைப் பற்றித்தான் பேசுகிறது.

உங்களை ரொம்பவும் மிரட்டிய ‘வார்ட்ஸ்’ மைனஸ் 3.4ஐ நாங்கள் பார்ப்பதே இல்லை. தொடைக் கழுத்துக்குள் ஒரு குட்டி முக்கோணம் அது. எல்லோருக்குமே அங்கே எண் தாறுமாறாகக் குறையும். நோயைத் தீர்மானிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ஆனாலும் மெஷின் அச்சடிக்கிறது, மக்கள் அதைப் பார்த்து அழுகிறார்கள்.

இப்போது முதுகுக்கு வருவோம். நீங்கள் ஒழுங்காக நகலெடுத்து அனுப்பிய அட்டவணையில் முதல் முள்ளெலும்பு மைனஸ் 2.3, இரண்டாவது மைனஸ் 2.0, மூன்றாவது மைனஸ் 0.6, நான்காவது மைனஸ் 0.4. ஒரே முதுகில், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருக்கும் எலும்புகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்? பக்கத்து முள்ளெலும்போடு 1க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். வருடக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து கொலுசு வேலை செய்யும் முதுகில், கீழ்ப் பகுதியில் எலும்பு ஓரங்கள் முள்போலத் தடித்து வளர்ந்திருக்கலாம். நசுங்கிய முள்ளெலும்பும் அப்படித்தான் காட்டும், அதே சத்து சின்ன இடத்துக்குள் அமுங்கிவிடுவதால். மெஷின் இரண்டையும் ‘நல்ல அடர்த்தி’ என்று எழுதிக்கொள்ளும். சந்தேகத்துக்குரிய அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு மேலே இருக்கும் இரண்டை மட்டும் எடுத்தால், உங்கள் முதுகு மைனஸ் 2க்குக் கீழே போகிறது. ‘முதுகாவது நன்றாக இருக்கிறது’ என்று நீங்கள் எழுதிய ஆறுதலைப் பறிக்க எனக்கு மனமில்லைதான்.

அப்புறம், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. ‘என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பல்லில் பழுப்புக் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது.’ தொப்பூர் பக்கம் 22 வருடம் போர் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியிலும் சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பல் உருவாகும் வயதில் குழந்தை அந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை விழும். பெரியவர்களுக்குப் பல் ஏற்கெனவே உருவாகிவிட்டதால் கறை வராது, ஃப்ளோரைடு எலும்பில்தான் போய்த் தங்கும். உங்கள் பிள்ளைகளின் பல், நீங்கள் குடித்த தண்ணீருக்குச் சாட்சி சொல்கிறது.

ஃப்ளோரைடு தங்கிய எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும், குறிப்பாக முதுகில். ஆனால் பலம் இருக்காது. நீங்கள் இப்போது டவுனில் மேட்டூர் தண்ணீர் குடிப்பது நல்லதுதான், பழைய இருப்பு வெளியேற வருடங்கள் ஆகும். இதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். 15 நிமிட ஓ.பி.யில் அவர் பிள்ளைகளின் பல்லைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். முதுகுக்குப் பக்கவாட்டில் ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தால், முள் வளர்ச்சியா, நசுங்கலா, ஃப்ளோரைடா என்று பெருமளவு தெரிந்துவிடும்.

கர்ப்பப்பையோடு வேறு எதை எடுத்தார்கள்?

‘ஆபரேஷனில் நின்றதால் எனக்கு மாதவிடாய் நிற்கும் பருவம் என்று தனியாக ஒன்று வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எலும்பைக் காப்பது சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் சினைப்பை தொடர்ந்து வேலை செய்யும், சிலருக்குக் கொஞ்சம் முன்கூட்டி ஓய்ந்துபோகும். இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால், 42 வயதில் ஒரே நாளில் ஈஸ்ட்ரோஜன் நின்றுவிட்டது என்று பொருள். அதன்பின் வரும் முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் குறையும். நம் பக்கம் 40ஐத் தொட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுப்பது சர்வசாதாரணமாகிவிட்டது. எடுத்தவர்களில் பலரைக் கேட்டால் சினைப்பை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

12 வருடத்துக்கு முந்தைய பேப்பர் ஆஸ்பத்திரியில் இருக்க வாய்ப்பு குறைவு. வீட்டில் பழைய ஃபைலைத் தேடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி கிடைக்காவிட்டாலும், எடுத்த உறுப்பைப் பரிசோதனைக்கு அனுப்பிய பயாப்ஸி ரிப்போர்ட் கிடைக்கலாம். என்னென்ன அனுப்பினார்கள் என்பது அதன் முதல் வரியிலேயே இருக்கும்.

ஊசி போடலாமா?

போடலாம், அடுத்த வாரமே வேண்டாம். முதலில் ரத்தப் பரிசோதனை. வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பேட்டேஸ், கிரியேட்டினின், தைராய்டு, ரத்த எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர். தேவைப்பட்டால் பாராதைராய்டு ஹார்மோனும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. வைட்டமின் டி கடுமையாகக் குறைந்தாலும் எலும்பில் தாது சேராமல் மென்மையாகிவிடும். இது எலும்புப்புரை இல்லை, வேறு நோய். டெக்ஸா மெஷினுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, குறைந்த எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். சேலத்து வெயிலில் இருந்துகொண்டு வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்காதீர்கள். வெயில் தெருவில் அடிக்கிறது, நீங்கள் வீட்டுக்குள் கொலுசுக்கு முன் உட்கார்ந்திருக்கிறீர்கள். தரையிலிருந்து எழும்போது கையை ஊன்றி எழுவதாக எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் வலியாகவும் இருக்கலாம், வைட்டமின் டி குறைந்து தொடைத் தசை தளர்ந்ததாகவும் இருக்கலாம். அந்தக் குறையைச் சரிசெய்யாமல் ஊசியைப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி, கை கால் மரத்து இழுத்துக்கொள்ளலாம். அந்த விதத்தில், பயந்து மூன்று மாதம் தள்ளிப்போட்டதால் குடி முழுகிவிடவில்லை.

ரத்த முடிவு சரியாக இருந்தால், அல்லது சரிசெய்த பிறகு, மருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் கருத்து. மைனஸ் 2.6 என்ற எண்ணை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. சீக்கிரம் நின்ற மாதவிடாய், ஒல்லியான உடம்பு, எல்லாவற்றுக்கும் மேல் இடுப்பு எலும்பு முறிந்த அம்மா. பெற்றவர்களில் ஒருவருக்கு இடுப்பு முறிவு என்பது, அடுத்த பத்து வருட முறிவு வாய்ப்பைக் கணிக்கும் ‘ஃப்ராக்ஸ்’ கணக்கீட்டில் தனிக் கேள்வியாகவே இருக்கிறது.

எந்த மருந்து? வாரம் ஒரு மாத்திரை மலிவு. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். வயிற்றுப்புண் உள்ள உங்களுக்கு அது ஒத்துவராது. ஆகவே உங்கள் டாக்டர் வருட ஊசியைச் சொன்னது பொருத்தமே. முதல் ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமால் போதும். சிறுநீரகம் ஓரளவாவது சரியாக இருந்தால்தான் போட வேண்டும், கிரியேட்டினின் கேட்டது அதற்குத்தான்.

நாத்தனார் சொன்னது முழுப் பொய்யில்லை. தாடை எலும்பு ஆறாமல் போகும் பக்கவிளைவு உண்மையிலேயே உண்டு. பெரும்பாலும் புற்றுநோய்க்காக இதே மருந்தை மாதாமாதம் அதிக அளவில் போடுகிறவர்களிடம் அதைப் பார்க்கிறோம். எலும்புப்புரைக்கு வருடம் ஒருமுறை போடும்போது அது மிக அபூர்வம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் ஊசிக்கு முன்னால் முடித்துவிடுங்கள், பல் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள். மூன்று வருடம் போட்ட பிறகு பலருக்கு இடைவெளி விடலாம். ஊசி போடும் காலத்திலும் இடைவெளியிலும் தொடையில் புதிதாக வலி வந்தால் மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் வேறொரு ஊசியும் உண்டு, டெனோசுமாப் என்று பெயர். யாராவது அதைச் சொன்னால், அதை நடுவில் விட்டுவிடக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். விட்டால் எலும்பு படுவேகமாகக் குறைந்து முதுகெலும்புகள் வரிசையாக நசுங்கலாம். தேதி தவறாமல் வர முடியும் என்றால்தான் தொடங்க வேண்டும்.

அடுத்த ஸ்கேனை இரண்டு வருடம் கழித்து, அதே சென்டரில், அதே மெஷினில் எடுங்கள். வேறு மெஷினில் எடுத்தால் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது. ஒரே மெஷினிலும் நான்கைந்து சதவீதத்துக்குக் குறைந்த மாற்றம் என்றால், நீங்கள் படுத்த விதத்தால் வந்த வித்தியாசமாகவே இருக்கலாம். கால்சியம் மாத்திரையை முந்தின நாளே நிறுத்திவிடுங்கள். வெள்ளி அரைஞாண், புடவை ஊக்கு, பாவாடையில் செருகிய சுருக்குப்பை எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒருமுறை ஒரு பாட்டியின் முதுகெலும்பு அபாரமாக வந்தது. படத்தை உற்றுப் பார்த்தால், மூன்றாம் முள்ளெலும்பின்மேல் வட்டமாக ஒரு ஐந்து ரூபாய் நாணயம்.

பவுடரைப் பற்றி: டப்பாவில் ‘கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி.’ என்று இருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான். உங்கள் வயதுக்கு ஒரு நாளைக்கு 1,200 மி.கி. வேண்டும். நூறு கிராம் ராகி மாவில் சுமார் 350, ஒரு டம்ளர் பாலில் 180. மத்தியானம் ராகிக் களி, ஒரு கிண்ணம் தயிர், எள்ளுத் துவையல், வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை என்று போனால் பெரும்பகுதி சோற்றிலேயே வந்துவிடும். மிச்சத்துக்குச் சாதாரண கால்சியம் மாத்திரை போதும், 3,600 ரூபாய் தேவையில்லை. காபியை விட்டுவிடுங்கள், அதாவது குற்றம் சொல்வதை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று டம்ளர் பால் காபியால் எலும்பு கரையாது.

ஓரத்தில் எழுதிய நாலு வரி

இனி அம்மா. எந்த எண் உண்மை என்று ஐந்து பக்கம் எழுதிய நீங்கள், இவருக்கு ஓரம் மட்டும்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள். நீங்கள் இருவரும் என் ஓ.பி.க்கு வந்திருந்தால் முதலில் இவரைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

நின்ற இடத்திலேயே வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதுவே எலும்புப்புரை. அதை நிரூபிக்க எந்த ஸ்கேனும் தேவையில்லை. நீங்கள் சொல்லும் கூன், முதுகெலும்பு ஒன்றிரண்டு ஏற்கெனவே சத்தமில்லாமல் நசுங்கியிருக்கும் என்று எனக்குச் சொல்கிறது. பிளேட் உடைந்த எலும்பைச் சேர்த்து வைத்தது. மற்ற எலும்புகளுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. இரண்டு வருடமாக ஒரு மாத்திரைகூட அதற்கென்று கொடுக்கப்படவில்லை. ஒரு முறிவு வந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம்.

‘78 வயதுக்கு மேல் இனி என்ன மருந்து’ என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். இடுப்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களுக்கு, உங்களுக்குச் சொன்ன அதே வருட ஊசியைப் போட்டுப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2007இல் வெளியானது. ஊசி போட்டவர்களுக்குப் புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, இறப்பும் 28 சதவீதம் குறைந்தது. கூன் விழுந்தவரால் மாத்திரையை விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாது என்பதால், இவருக்கும் ஊசியே நல்லது. உங்களுக்குச் சொன்ன அதே ரத்தப் பரிசோதனைகள் முதலில். ரத்தம் கொடுக்க மலையிறங்க வேண்டாம், ஏற்காட்டிலேயே எடுக்கலாம்.

முடிவு வந்த பிறகு ஒரே ஒரு நாள் கீழே அழைத்து வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு கஷ்டம் என்றால் குப்பனூர் வழியாக இறங்குங்கள். அந்த ஒரே நாளில் முதுகு எக்ஸ்ரே, கண் பரிசோதனை, ஊசி மூன்றையும் முடித்துவிடலாம். கண் எதற்கு என்றால், புரை விழுந்த கண்ணோடு நடப்பவர்கள் மறுபடி விழுவார்கள். விருப்பமிருந்தால் டெக்ஸாவும் எடுக்கலாம். பிளேட் வைத்த பக்கத்தை அளக்க முடியாது, மற்ற இடுப்பை எடுப்பார்கள். அந்த எண் பின்னால் ஒப்பிட உதவும், இப்போது மருந்து தொடங்குவதற்கு அது தேவையில்லை. அறுவை சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியில் பழைய ரெக்கார்டு கேளுங்கள். சிகிச்சை தொடங்கி மூன்று வருடம்வரை வைத்திருக்க வேண்டும், எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன.

தம்பியிடம் சொல்லித் துவைக்கிற கல் பக்கம் பாசியைச் சுரண்டிவிட்டு, சொரசொரப்பாக சிமெண்ட் பூசி, பிடிக்க ஒரு கம்பி நடச் சொல்லுங்கள். கழிவறை வெளியே இருந்தால் ராத்திரிக்கு வழியில் ஒரு பல்பு. பனி இறங்கும் மாதங்களில் அந்த ஈரம் காய்வதே இல்லை, உங்களுக்கே தெரியும்.

கடைசியாக அந்தச் ‘சின்ன மாத்திரை’. வீசிங்குக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் சின்ன மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டாக இருக்கும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டாக இருந்தால், தினமும் 5 மி.கி. அளவுக்கு மூன்று மாதம் எடுத்தாலே அது எலும்பை அரித்துவிடும். அதே மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் இருக்கிறது, அதில் எலும்புக்குப் போகும் கெடுதல் மிகக் குறைவு. ஆனால் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நாள்பட எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தம்பிக்கு இன்றைக்கே போன் செய்து அந்த அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர் இருக்கும் பக்கம் தெரியட்டும், பாதி கத்தரித்த அட்டையாக இருந்தால் கடைக்காரரிடம் பில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.